111 பசங்க முகத்தை வரைஞ்சேன், யாராவது முன்னாடியே சொல்லிருந்தா நல்லா இருந்திருக்கும்

போன வாரம் ஒரு தங்கச்சி போன் பண்ணா, அவளும் என்னை மாதிரி ட்ராயிங் டீச்சர்தான். அக்கா எங்க ஸ்கூல் பசங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா வரைஞ்சு ஆண்டு விழா அன்னைக்கு அவங்கவங்க வீட்டுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன், நீங்க பண்ணீங்களாமே, எப்படிக்கா ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா. அரை மணி நேரம் பேசினேன், ஆனா போன வச்சப்புறம்தான் முக்கியமானதை சரியா சொல்லாம விட்டுட்டோமேன்னு தோணுச்சு. அதான் உக்காந்து முழுசா எழுதுறேன். நான் இதை 2022-23ல பண்ணப்போ கேக்குறதுக்கு ஆள் இல்ல, எனக்குத் தெரிஞ்சு சுத்துவட்டாரத்துல யாரும் பண்ணதும் இல்ல. தனியா பண்ணி தனியா அழுதேன்.

என்னைப் பத்தி கொஞ்சம். சொந்த ஊர் கடலூர் பக்கம், கல்யாணம் ஆகி கும்பகோணம் வந்தேன். ட்ராயிங்ல லோயர், ஹையர்னு ரெண்டு கவர்மென்ட் பரீட்சையும் முடிச்சு, டிடிசிங்கிற டீச்சர் ட்ரெயினிங்கும் பண்ணி, 2012ல பகுதி நேர ஆசிரியர் எடுத்தப்போ 5000 ரூபாய் சம்பளத்துல சேர்ந்தேன். அப்போ வாரத்துக்கு மூணு அரை நாள் வேலை, மே மாசம் சம்பளம் கிடையாது. இந்தக் கதை நடக்குறப்போ சம்பளம் 10,000. கும்பகோணத்துல இருந்து 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி, ஆறுல இருந்து எட்டு வரை 112 பேர். மகளிர் பஸ் ஃப்ரீ ஆனதுல டிக்கெட் காசு மிச்சம், இல்லன்னா வேலை இல்லாத நாள்லயும் போய் வரைஞ்சிருக்கவே முடியாது.

ஐடியா எப்படி வந்துச்சுன்னா, ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு, பேரு வேணாம், ஒருநாள் என் ஸ்கெட்ச் நோட்டை புரட்டிட்டே இருந்தவ திடீர்னு எங்க வீட்ல என் படமே இல்ல மிஸ்னு சொன்னா. போன்ல இருக்குமேன்னு கேட்டேன். அப்பா போன் ஒடஞ்சுடுச்சு மிஸ், அதுல இருந்த எல்லாம் போயிடுச்சுன்னா. ஸ்கூல் ரெக்கார்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணுதான் அவ முகம் பேப்பர்ல இருக்குற ஒரே இடம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த 112 முகத்தையும் என் கையாலயே வரைஞ்சு குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அந்த ஆசை தப்புன்னு இப்பவும் நினைக்கல.

ஹெச்எம் சார்கிட்ட கேட்டேன், நல்ல விஷயம்மா பண்ணுங்கன்னு வாயால சொன்னார், நான் அதையே பெர்மிஷன்னு எடுத்துக்கிட்டேன். இதான் முதல் தப்பு. பசங்களால ரொம்ப நேரம் உக்கார முடியாதுல்ல, அதனால போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு வீட்ல வரையலாம்னு ரெண்டு நாள்ல ஒரு நாப்பது பேரை எடுத்துட்டேன். மூணாவது நாள் காலைல ஒரு அப்பா வாசல்ல நிக்கிறார், ரெண்டு பேர் கூட. எம்பொண்ணை எதுக்கு டீச்சர் போன்ல படம் புடிக்கிறீங்க, அது எங்க போகும், யாருக்கு அனுப்புவீங்கன்னு கேட்டார். கோபமா கேட்டாலும் அவர் கேட்டதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல. காலம் அப்படி இருக்கு, பெத்தவங்களுக்கு பயம் இருக்கத்தானே செய்யும். ஹெச்எம் சார் என்னைப் பார்த்து, இப்படி போட்டோ எடுப்பீங்கன்னு என்கிட்ட சொல்லவே இல்லயேம்மான்னு சொன்னப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பத்து வருஷமா அதே ஸ்கூல்ல இருக்கேன். அந்த அப்பா முன்னாடியே எல்லா போட்டோவையும் அழிச்சேன், அழிச்ச போல்டர்ல இருந்தும் எடுத்துக் காட்டி அழிச்சேன்.

அதனால இதை பண்ண நினைக்கிறவங்க முதல்ல பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல வச்சுடுங்க. அதுல பாதிக்கு மேல பெத்தவங்கதான் இருப்பாங்க, அவங்க சரின்னு சொல்லி மினிட் நோட்டுல எழுதி கையெழுத்து ஆயிட்டா அப்புறம் யாரும் உங்களை தனியா நிக்க வச்சு கேள்வி கேக்க மாட்டாங்க. அதோட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு, படம் வரையப் போறோம், போன்ல எடுக்க மாட்டோம், படம் உங்க வீட்டுக்கே வந்துடும், சம்மதமான்னு ரெண்டு வரி தமிழ்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. கையெழுத்து போடத் தெரியாதவங்க வீட்டுக்கு நேர்லயே போயிடுங்க. நான் அடுத்த ஒரு மாசம் இதைத்தான் பண்ணேன், ஜூலை முழுக்க இதுலயே போச்சு.

போட்டோ போனதும் ஒருவகைல நல்லதாப் போச்சு. போனை முகத்துக்கு கிட்ட வச்சு எடுத்தா மூக்கு பெருசாயிடும், காது பின்னாடி ஒதுங்கிடும், அதைப் பார்த்து வரைஞ்சா நல்லா வரைஞ்சிருந்தாலும் அந்தப் புள்ள மாதிரி இருக்காது. முன்னாடி வரைஞ்ச அஞ்சாறு படத்துல ஏன் சாயல் வரலன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. எதிர்ல உக்கார வச்சு வரையிறதுன்னா ஒரு பிள்ளைக்கு நாப்பது நிமிஷம், அதுவும் இருபது இருபதா ரெண்டு தடவை. இருபது நிமிஷத்துக்கு மேல எந்தப் புள்ளையும் உக்காராது, உக்கார வச்சாலும் முகம் செத்துடும், கண்ணு எங்கயோ போயிடும். நான் கண்டுபிடிச்ச வழி, பக்கத்துல அவங்க பிரண்ட் ஒருத்தரை உக்கார வச்சு கதை பேச விட்டுடணும். பேசிட்டு இருக்கும்போது வாய் மாறும், ஆனா கண்ணு உயிரோட இருக்கும். முதல் அஞ்சு நிமிஷத்துல கண்ணையும் புருவத்தையும் புடிச்சுட்டா மீதி மெதுவா வரும், வாயை கடைசியா வச்சுக்கங்க.

நாம படிச்சப்போ சொல்லிக் குடுத்த அளவெல்லாம் பெரியவங்க முகத்துக்கானது. 11, 12 வயசு பிள்ளைங்களுக்கு தாடை இன்னும் வளர்ந்து முடிஞ்சிருக்காது, மூக்குக்கு கீழ இருந்து மோவாய் வரை குட்டையா இருக்கும், அதனால முகத்துல கண்ணு பெருசா தெரியும். பழைய அளவுலயே போட்டேன்னா ஆறாவது படிக்கிற பையன் காலேஜ் பையன் மாதிரி வந்து நிப்பான். வெளிச்சத்துக்கு வடக்குப் பார்த்த வராந்தா இருந்தா நல்லது, வெயில் நேரா விழாது, நிழல் ஓடிட்டே இருக்காது. ஆனா நம்ம ஊர்ல மே, ஜூன், ஜூலைல சூரியன் வடக்கால சாஞ்சு நிக்கும், அப்போ வடக்கு வராந்தாலயும் வெயில் அடிக்கும். ஆகஸ்ட் கடைசிக்கு மேல ஆரம்பிச்சா வசதி.

இப்போ சொல்லப் போறதை சொல்ல எனக்கு வெக்கமாதான் இருக்கு. படம் வரைய உக்காந்த பிள்ளைங்கள்ல பாதிப் பேர் முதல்ல சொன்ன வார்த்தை, மிஸ் என்னை கொஞ்சம் கலரா போடுங்க. கலர்னா செவப்பு. நான் கரியில வரையிறேன், அதுல கலரே கிடையாது, இருந்தும் கேட்டாங்க. கிரேயான் பெட்டியில அந்த வெளிறின ரோஸ் இருக்குமே, அதை எடுத்துட்டு வந்து ஸ்கின் கலர் இது மிஸ்னு நீட்டுறான் ஒருத்தன், அவன் கை என் கையை விட கறுப்பு. நானும் பாவம் புள்ளைங்க சந்தோஷப்படட்டும்னு முதல் முப்பது படத்துல நிழலை குறைச்சே போட்டேன். அவங்களும் சந்தோஷமா பார்த்துட்டுதான் போனாங்க. ஒரு சனிக்கிழமை அந்த முப்பதையும் வீட்டுத் தரையில பரப்பி வச்சுப் பார்த்தேன், அடிவயிறு கலங்கிடுச்சு. முப்பதும் ஒரே முகம். கன்னத்து எலும்பு, நெத்தி மேடு, உதட்டுக்கு மேல விழுற நிழல் எல்லாத்தையும் நான் அழிச்சிருக்கேன். பன்னெண்டு வயசுப் புள்ள கிட்ட நீ இருக்குற மாதிரி இருந்தா நல்லா இல்லன்னு டீச்சரே சொன்ன மாதிரி ஆயிடுச்சேன்னு அன்னைக்கு சோறு இறங்கல. முப்பதையும் திரும்ப வரைஞ்சேன். இருபது மணி நேரம்.

கறுப்பு முகத்தை எப்படி வரையணும்னு நமக்கு யாரும் உருப்படியா சொல்லித் தந்ததே இல்ல, பார்த்துப் பழகின முகமெல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தலைதானே. கரியைப் போட்டு அமுக்கிட்டா கறுப்பாயிடும்னு நினைக்கிறது தப்பு, அப்படி பண்ணா முகம் ஓட்டையா போயிடும். கறுப்புத் தோல்ல வெளிச்சம் பட்டு மின்னுற இடம் ரொம்ப தெளிவா இருக்கும், நெத்தி, மூக்கு நுனி, கன்னத்து மேல, கீழுதடு. அதை முதல்ல குறிச்சு வச்சுட்டு மத்த முகம் பூரா லேசா ஒரு தடவை கரியைத் தேய்ச்சு, பிசையிற ரப்பரால வெளிச்சத்தை எடுத்துக்கிட்டே வரணும். அடர்த்தியான கறுப்பு தலைமுடிக்கும் கண்ணு மணிக்கும் மட்டும்தான். இப்படி வரைஞ்ச முதல் படத்தை அந்தப் பையன்கிட்ட காட்டினப்போ ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு, மிஸ் இது எங்க தாத்தா மாதிரியே இருக்குன்னு சொன்னான். அதுக்கப்புறம் கலரா போடுங்கன்னு கேட்ட பிள்ளைங்ககிட்ட மறுப்பு எதுவும் சொல்லல, அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவேன், அவ்ளோதான்.

மழைக்காலம் பத்தி ரெண்டு வரி. ஐப்பசி கார்த்திகைல ஸ்கூல் பீரோக்குள்ள வச்ச 19 படத்துல பூஞ்சை புடிச்சுது, சுவத்தை ஒட்டி பீரோ இருந்தா உள்ள ஈரம் ஏறும். படத்துக்கு நடுவுல பட்டர் பேப்பர் வச்சு, மொத்தமா பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி வீட்ல உயரமான இடத்துல வைங்க. கரி கலையாம இருக்க அடிக்கிற ஸ்ப்ரேயை மழை பேஞ்சுட்டு இருக்கும்போது அடிக்காதீங்க, வெள்ளையா படிஞ்சுடும். ஒரு அடி தள்ளி நின்னு லேசா ரெண்டு மூணு தடவை அடிங்க, வெளியில நின்னு அடிங்க, பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது.

பிப்ரவரி கடைசியில எல்லாம் முடிஞ்சுது. 111 படம், 112 இல்ல, அதை அப்புறம் சொல்றேன். இவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சதை சும்மா பேப்பரா குடுக்க மனசு வரல, கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன். கரி ஓவியத்துக்கு கறுப்பு ஃப்ரேம்தான் எடுப்பா இருக்கும், எல்லா எக்ஸிபிஷன்லயும் அப்படித்தானே பார்த்திருக்கோம். ஒண்ணு 185 ரூபாய்னு பேசி 111க்கு 20,535 ரூபாய். கைல காசு இல்ல. என் மோதிரத்தையும் தோட்டையும் கூட்டுறவு சொசைட்டில வச்சு 20,000 வாங்கினேன், வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. இதுக்கு முன்னாடியே பேப்பர், கரி, ரப்பர்னு 3,100, ஸ்ப்ரே ஆறு டப்பா 2,700, ஏத்திட்டு வந்த மினி வேனுக்கு 600. மொத்தம் 26,935 ரூபாய். மூணு மாச சம்பளம் கிட்ட.

வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. வியாழக்கிழமை சாயங்காலம் நானும் எட்டாவது பசங்க நாலு பேரும் சேர்ந்து, ரெண்டு கிளாஸை சேர்த்து ஹாலா ஆக்கின இடத்துல, மூணு வரிசையா வரிசைக்கு 37 படம் மாட்டினோம். மேல வெள்ளைத் துணி போட்டு மூடினேன், நாளைக்கு பெத்தவங்க எல்லாம் உக்காந்தப்புறம் விலக்கினா எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சு பூரிச்சுப் போய் நின்னேன். பசங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. சத்துணவுல சமைக்கிற அக்கா சாவி குடுக்க வந்தாங்க. என்னா டீச்சர் துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க, படத்திறப்பு மாதிரின்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே துணியை விலக்கிக் காட்டினேன்.

அவங்க ஒண்ணுமே பேசல. அப்படியே சுவத்தைப் புடிச்சுக்கிட்டு கீழ உக்காந்துட்டாங்க. தலை சுத்துதான்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, கழட்டிடுங்க டீச்சர், உங்க கால்ல விழுறேன், விடியிறதுக்குள்ள கழட்டிடுங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்பவும் புரியல. எங்க அக்கா மவ அந்த ஸ்கூல்ல போச்சு டீச்சர், வருசா வருசம் இப்படித்தான் வரிசையா வச்சிருக்கும்னு அவங்க சொன்னதும்தான் எனக்கு ஒடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு.

2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெருவுல ஸ்கூல் தீ விபத்து, 94 பிள்ளைங்க. தமிழ்நாட்டுல அது தெரியாதவங்க யார் இருக்கா, எனக்கும் தெரியும். ஆனா நான் அப்போ கடலூர்ல இருந்தேன், டிவில பார்த்து அழுதவ. இந்த ஊர்க்காரங்களுக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு ஜூலை 16க்கும் அந்த ஸ்கூல் வாசல்ல பிள்ளைங்க முகமெல்லாம் வரிசை வரிசையா வச்சு, பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்தி பெத்தவங்க நின்னு அழுவாங்க. அந்த ஊர்ல இருந்து 14 கிலோமீட்டர்ல, சொந்தபந்தம் எல்லாம் அங்கயும் இங்கயும் கலந்து கிடக்குற ஊர்ல, யூனிபார்ம் போட்ட 111 பிள்ளைங்களை கறுப்பு வெள்ளையில, கறுப்பு ஃப்ரேம்ல, துணி போட்டு மூடி வச்சிருக்கேன். அந்த விபத்தை விட்டாலும் நம்ம வீடுகள்ல தனியா ஒருத்தர் முகத்தை மட்டும் கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டினா அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயே எங்க தாத்தாவும் ஆயாவும் அப்படித்தான் தொங்குறாங்க, மாலையோட. எட்டு மாசம் தினமும் அந்த முகங்களை பார்த்தேன், ஒரு நாள் கூட எனக்கு இது தோணல. எக்ஸிபிஷன்ல மாட்டினா எப்படி இருக்கும்னே யோசிச்சேன், அந்த வீட்டு சுவத்துல மாட்டினா என்ன ஆகும்னு யோசிக்கல.

ராத்திரி பத்தரை வரை நாங்க ரெண்டு பேரும் கழட்டினோம். அந்த அக்கா ஒவ்வொரு படத்தையும் கையில வாங்கும்போது நல்லா இருக்கணும் சாமின்னு முணுமுணுத்துக்கிட்டே வாங்கினாங்க. கடைசி பஸ் போயிடுச்சு, வீட்டுக்காரர் வண்டியில வந்தார், வழியில மோதிரம் விஷயத்தையும் சொல்லிட்டேன். திட்டல. அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் விழாவுல படம் எதுவும் இல்ல. ஹெச்எம் சார்கிட்ட விஷயத்தை சொன்னேன், அவர் இந்த ஊர்க்காரர், கேட்டுட்டு கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஃப்ரேம் கடைக்காரர் 70 ஃப்ரேமை ஒண்ணு 60 ரூபாய்னு திருப்பி எடுத்துக்கிட்டார், 4,200 வந்துச்சு. மீதி கண்ணாடியும் கீறலுமா போச்சு. நகையைத் திருப்ப ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம் என்ன பண்ணேன்னா, மார்ச் கடைசி ரெண்டு வாரம் ட்ராயிங் கிளாஸ்ல படத்தை அவங்கவங்க கையிலயே குடுத்துட்டேன். மஞ்சள், பச்சை, ஆரஞ்சுன்னு திக்கான சார்ட் அட்டை வாங்கி, அதுல அவங்க படத்தை ஒட்டி, சுத்தி அவங்களே பார்டர் போட சொன்னேன். பொண்ணுங்க கோலம் போட்டாங்க, சிக்குக் கோலம் போட்டு முடிக்க ரெண்டு பீரியட் ஆச்சு சிலருக்கு. பசங்க ஆத்தங்கரை, டிராக்டர், கோயில் கோபுரம், கிரிக்கெட் பேட்டுன்னு நிரப்புனாங்க. கீழ அவங்க பேரும் வகுப்பும் அவங்க கையெழுத்துல. அட்டைக்கு ஆன செலவு 900 ரூபாய். ஒரே வீட்டுல ரெண்டு மூணு பிள்ளைங்க இருந்தா ஒரே அட்டையில சேர்த்து ஒட்டினோம், அதுதான் எல்லா வீட்டுக்கும் ரொம்பப் புடிச்சுது, ஏன்னா தனியா இருக்குற படம் மாதிரி இல்ல. தங்கச்சி, நீ இதை நல்லா கேட்டுக்கோ. கறுப்பு ஃப்ரேம் வேணாம், கண்ணாடி வேணாம், துணி போட்டு மூடி திறக்குறது வேணவே வேணாம். முதல் படம் வரையிறதுக்கு முன்னாடி பத்து வீட்டுக்குப் போ, உங்க புள்ள படத்தைக் குடுத்தா எங்க வைப்பீங்கன்னு கேளு. சில வீட்ல பீரோ கதவுக்கு உள்பக்கம்னு சொல்லுவாங்க, சிலர் பெட்டிக்குள்ளன்னு சொல்லுவாங்க. அதுக்கு ஏத்த சைஸ்ல, அதுக்கு ஏத்த அட்டையில பண்ணு. ஃப்ரேமுக்கு நான் குடுத்த காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

அந்த 112ஆவது பையன். ரோல் நம்பர் வரிசையில வரைஞ்சுட்டு வந்தேன், அவன் பேரு வ-ல ஆரம்பிக்கும், அதனால கடைசி. நவம்பர்ல ஒருநாள் வெளிச்சம் நல்லா இருக்குன்னு நடுவுல கூப்பிட்டு உக்கார வச்சு இருபது நிமிஷம் வரைஞ்சேன், ரெண்டு கண்ணும் புருவமும் முடிஞ்சுது, மழை வந்துடுச்சு, மீதி அடுத்த வாரம்னு அனுப்பிட்டேன். அடுத்த வாரம் அவன் வரல. அப்பா அம்மாவுக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை கிடைச்சு குடும்பமே போயிடுச்சு, டிசி வாங்க மாமா மட்டும் வந்தார். ரோல் நம்பர் வரிசையில வரையாத தங்கச்சி. எந்தப் புள்ள வீடு ஊரை விட்டுப் போகுற மாதிரி இருக்குன்னு கிளாஸ் டீச்சருக்குத் தெரியும், கேட்டு அவங்களை முதல்ல வரைஞ்சுடு. அவன் கண்ணு மட்டும் இருக்குற பேப்பர் என்கிட்டதான் இருக்கு, பட்டர் பேப்பர் சுத்தி டப்பால வச்சிருக்கேன், மாமாகிட்ட போன் நம்பர் குடுத்து விட்டிருக்கேன், பொங்கலுக்கு ஊருக்கு வந்தா கூட்டிட்டு வரேன்னு சொல்லிருக்கார்.